“சூப்பர் மூவ் எங்கண்ணே?”

சண்டை கேம் ஆடுகிறவர்களிடம் விர்ச்சுவா ஃபைட்டர் என்று பேச்செடுத்தால் இரண்டில் ஒரு பதில் வரும். “அந்தப் பெட்டி பெட்டியா இருக்கிற பொம்மைங்க சண்டையா?” என்பார் ஒருவர். “அது ரொம்பக் கஷ்டம்ப்பா, நமக்குச் சரிப்படாது” என்பார் இன்னொருவர். முதலாமவர் தொடரின் முதல் கேம் வந்த 1993-ஐத் தாண்டி வரவில்லை. இரண்டாமவர் யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிறார். இந்த இரண்டு வகை ஆட்களையும் பக்கத்தில் உட்கார வைத்து, கையில் கன்ட்ரோலரைத் திணித்து ஆட வைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இதற்குள் வந்ததே ஓசியில்தான். 2021 ஜூனில் விர்ச்சுவா ஃபைட்டர் 5 அல்டிமேட் ஷோடவுன் பிளேஸ்டேஷன் 4-இல் வெளியானபோது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வைத்திருந்தவர்களுக்கு அந்த மாத இலவச கேம்களில் ஒன்றாக வந்தது. அதுவரை ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும்தான் எனக்கு உலகம். சும்மா கிடைத்ததே, இரண்டு நாள் தட்டிப் பார்ப்போம் என்று இறக்கினேன். மற்ற இரண்டையும் இன்றும் ஆடுகிறேன். ஆனால் ஒரு ஆட்டத்தில் தோற்ற பிறகு ஏன் தோற்றேன் என்று உட்கார்ந்து யோசிக்க வைப்பது இது ஒன்றுதான்.

மொத்தம் மூன்றே பட்டன். பஞ்ச், கிக், தடுப்பு. நிரம்பியதும் பளபளவென்று மின்னும் சூப்பர் மீட்டர் கிடையாது. உயிர் குறையும்போது வந்து கைகொடுக்கும் ஆவேச நிலை கிடையாது. ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காட்டும் சினிமாத்தனமான அடிகளும் கிடையாது. ஒரு தம்பியை முதல் தடவை ஆட வைத்தபோது, அவன் பட்டன்களை எல்லாம் சேர்த்துச் சேர்த்து அழுத்திப் பார்த்துவிட்டு, “சூப்பர் மூவ் எங்கண்ணே?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்புறம் எப்படி ஜெயிக்கறது?” என்றான். கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டிரைவ் மீட்டரைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்க வேண்டும். டெக்கன் 8-இல் கொஞ்ச நேரம் பலம் கூட்டும் ஹீட் நிலையை எப்போது எடுப்பது என்பதே பாதி யோசனை. அந்த இரண்டிலும் எதிராளியைத் தவிரக் கணக்குப் பார்க்க இன்னொன்று எப்போதும் திரையில் இருக்கும். இங்கே உயிர்க்கோடு, கடிகாரம், மேடையின் விளிம்பு. மற்றபடி கவனிக்க எதிராளி மட்டும்தான் மிச்சம்.

இந்த ஆட்டத்துக்கு ஆள் சேராததற்குக் காரணமே இந்த வெறுமைதான் என்பது என் எண்ணம். முன்னோட்ட வீடியோவில் காட்டுவதற்கு எதுவும் இல்லை. ஒருவர் குத்துகிறார், இன்னொருவர் தடுக்கிறார், யாரோ தூக்கி எறியப்படுகிறார். அந்த அரை நொடிக்குள் இரண்டு பேர் மண்டையிலும் ஓடியது வெளியே தெரியாது. ஆடுகிறவருக்கு மட்டும்தான் அது தெரியும். பார்த்து மயங்கி வரும் கூட்டத்தை இந்த ஆட்டம் இழந்ததே அதனால்தான்.

சரி, உள்ளே என்னதான் ஓடுகிறது?

அடி த்ரோவை, அதாவது ஆளைப் பிடித்துத் தூக்கி எறிவதை, வெல்லும். த்ரோ தடுப்பை வெல்லும். தடுப்பு அடியை வெல்லும். இந்த முக்கோணம் எல்லா சண்டை கேமிலும் உண்டு. ஆனால் மற்றவற்றில் அதன்மேல் பத்து அடுக்கு ஏற்றி மூடியிருப்பார்கள். இங்கே அது வெட்டவெளியில் கிடக்கிறது. ஆட்டம் ஒரு நொடிக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படங்களாக, ஓடுகிறது. நின்றபடி குத்தும் சாதாரண பஞ்ச் ஏறக்குறைய 12 ஃப்ரேமில் வந்து விழும், அதாவது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. த்ரோ 10 ஃப்ரேம். முழங்கையால் இடிக்கும் நடு அடி 14-ஐ ஒட்டி. இவற்றைக் கண்ணால் பார்த்துத் தடுக்க மனிதக் கையால் ஆகாது. ஆகவே ஊகிக்கத்தான் வேண்டும். அந்த ஊகத்துக்கு ஆதாரம் எதிராளி இதுவரை செய்தது மட்டும்தான்.

ஒரு சூழ்நிலையை எடுத்துக்கொள்வோம். நீங்கள் முழங்கையால் இடிக்கிறீர்கள், எதிராளி தடுத்துவிட்டார். இப்போது அவர் உங்களைவிடச் சில ஃப்ரேம் முன்னால் இருக்கிறார். அவர் முன்னால் நியாயமான இரண்டு வழிகள். ஒன்று நடு அடி, இன்னொன்று த்ரோ. நீங்கள் நின்று தடுத்தால் த்ரோ விழும். குனிந்தால் த்ரோ காற்றைப் பிடிக்கும், ஆனால் நடு அடி முகத்தில் விழும். பதிலுக்கு அடித்தால் த்ரோவை முறியடிக்கலாம், ஆனால் அவர் நடு அடியைத் தேர்ந்திருந்தால் அது முந்திவிடும், எதிர் அடியாக விழுவதால் வலியும் கூடும். பக்கவாட்டில் விலகினால் நேர்கோட்டில் வரும் அடி தப்பும். அவர் வட்டமாகச் சுழற்றி அடிக்கும் ஒன்றை எடுத்தாலோ த்ரோ போட்டாலோ விலகியவர் மாட்டுவார்.

இதில் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்த இடம் ஒன்று உண்டு. த்ரோ 10-இல் வரும், நடு அடி 14-ஐ ஒட்டி வரும் என்றேன் அல்லவா? நடுவில் சின்ன இடைவெளி இருக்கிறது. த்ரோ வரும் கணத்தில் குனிந்திருந்து, நடு அடி வரும் கணத்தில் நிமிர்ந்து தடுத்தால் இரண்டிலிருந்தும் தப்பலாம். ஃபஸ்ஸி கார்ட் என்பார்கள். அடடா, இனி யாரும் நம்மை அசைக்க முடியாது என்று தோன்றும். அங்கேதான் எதிராளி கொஞ்சம் தாமதிக்கிறார். நீங்கள் குனிந்து எழும் வரை பொறுத்திருந்து, எழுந்ததும் த்ரோ போடுகிறார். உங்கள் பதிலுக்கு ஒரு பதில், அதற்கு இன்னொரு பதில். நன்கு பழகியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், விலகி, கூடவே த்ரோவிலிருந்து விடுபடும் கட்டளையையும் சேர்த்து அழுத்தி, தடுப்புக்குத் திரும்புவதை ஒரே மூச்சில் செய்வார்கள். கையில் கஷ்டம் என்று இந்த ஆட்டத்தில் சொல்லக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. அதைச் செய்யாமலே பல மாதங்கள் சந்தோஷமாக ஆடலாம்.

கஷ்டம் என்ற பெயர் இதற்கு எப்படி வந்தது என்றால், பாதி அகிராவால். தொடரின் முகம் அகிரா யூக்கி. ஹக்யொகு-கென் என்ற சீனத் தற்காப்புக் கலையின் வீரர். அவருடைய புகழ்பெற்ற முழங்கால் அடிக்குக் கிக்கையும் தடுப்பையும் சேர்த்து அழுத்தி, தடுப்பை மட்டும் ஒரே ஃப்ரேமுக்குள் விட வேண்டும். நொடியில் அறுபதில் ஒரு பங்கு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அட்டையில் இருக்கிறாரே என்று அகிராவைத்தான் எடுப்பார்கள். எடுத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்காருவார்கள். நான் யாருக்கும் முதலில் அகிராவைக் கொடுப்பதில்லை. ஜாக்கி பிரயன்ட் அல்லது லாவ் சான். இருவருமே வேகமானவர்கள், அழுத்தியது உடனே நடக்கும். பெரிய உடம்போடு ஆளைத் தூக்கி அடிக்க ஆசை என்றால் மல்யுத்த வீரர் வுல்ஃப்.

பழகிய பிறகு மனதுக்குப் பிடித்தவரைத் தேடிக்கொள்ளுங்கள், அதற்கு இங்கே பஞ்சமில்லை. ஷுன் டி என்ற கிழவனார் குடித்துக்கொண்டே சண்டை போடுவார். எத்தனை மிடறு குடித்தார் என்று கணக்கு ஓடும், போதை ஏற ஏறப் புதுப்புது அடிகள் திறக்கும். மீட்டரே இல்லாத ஆட்டத்தில் மீட்டருக்கு நெருக்கமான ஒன்று இந்தக் கிழவனாரின் வயிற்றில் இருப்பதை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். கோ ஹினொகாமி ஜூடோக்காரர், அவர் எதிரே நின்றால் தடுப்புப் பட்டனைத் தொடவே கை கூசும். வனெசா, ஐலீன், எல் பிளேஸ், கராத்தேக்கார ஜீன் குஜோ, சுமோ வீரர் தாகா-அராஷி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு தற்காப்புக் கலையின் நிதானத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கையிலிருந்து நெருப்பு உருண்டை பறப்பதில்லை. அடி எவ்வளவு கனமானது என்பது கால் தரையில் ஊன்றும் விதத்திலேயே தெரிகிறது.

முதல் நாள் யாரையாவது ஆட வைத்தால் நான் செய்வது இதுதான். காம்போ எனும் தொடர் அடிகளின் பட்டியலைத் திறக்கவே விடமாட்டேன். பஞ்ச், முன் திசையோடு பஞ்ச், குனிந்து பஞ்ச், பஞ்சும் தடுப்பும் சேர்த்து த்ரோ. இந்த நான்கு மட்டும். பல கேரக்டர்களுக்கு முன் திசையோடு பஞ்ச் என்பது நடு அடிதான், குனிந்து தடுக்கிறவரை அது பிடிக்கும். இந்த நான்கை வைத்தே முக்கோணம் முழுவதும் ஆடலாம். ஸ்ட்ரீட் ஃபைட்டரிலிருந்து வருகிறவர்களுக்குத் தடுப்புப் பட்டன் சில நாள் உறுத்தும், ஏனென்றால் அவர்கள் விரல் பின்னால் தள்ளித் தடுத்தே பழகியது. டெக்கன்காரர்களுக்கும் அதே சிக்கல்தான். இங்கே பின்னால் தள்ளினால் பின்னால்தான் போவீர்கள், அடி வாங்கிக்கொண்டே. அதற்குப் பதிலாகக் கிடைக்கும் வசதி பெரியது: முன்னால் நகர்ந்துகொண்டே எந்தக் கணத்திலும் தடுக்கலாம். தடுப்பதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. ஆட்டம் எப்போதும் நெருக்கத்திலேயே நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பயன், கிக்கை ஆரம்பித்துவிட்டுத் தடுப்பைத் தட்டினால் கிக் பாதியில் நிற்கும். ஏமாற்ற அருமையான வழி.

குனிந்து குத்தும் பஞ்ச் புதியவர்களின் உயிர்நண்பன். மேல் அடிகள் தலைக்கு மேலே போய்விடும், அது மட்டும் விழும். முதல் வாரம் எல்லாரும் அதையே தட்டிக்கொண்டிருப்பார்கள், தட்டட்டும். சேர்ந்து ஆடும் இன்னொருவர் அதற்கு வெறுமனே நடு அடியால் பதில் சொல்ல ஆரம்பித்ததும், அல்லது தடுத்துவிட்டு அடுத்த முறையைத் தனதாக்கிக்கொண்டதும், தட்டியவருக்குத் தானாகவே புரியும். நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: வாயால் சொன்ன பாடம் மறுநாளே மறந்துபோகும், உயிர்க்கோட்டில் வாங்கிய பாடம் கையிலேயே தங்கும்.

அடுத்துக் கற்க வேண்டியது யாருடைய முறை என்பது. டிரெய்னிங் மோடில் ஃப்ரேம் சாதகத்தை, அதாவது ஒரு அடிக்குப் பிறகு யார் எத்தனை ஃப்ரேம் முன்னால் என்பதை, திரையில் எண்ணாகக் காட்டச் சொல்லலாம். உங்களுக்குப் பிடித்த ஐந்து அடிகளைப் பொம்மையைத் தடுக்கச் சொல்லி அடித்துப் பாருங்கள். மைனஸ் என்றால் நீங்கள் அத்தனை ஃப்ரேம் பின்னால். மைனஸ் 3, 4 என்றால் பரவாயில்லை, ஆனால் முறை அவருடையது. மைனஸ் 10-ஐத் தொட்டால் 10 ஃப்ரேம் த்ரோ அங்கே நுழைந்துவிடும், விடுபடும் திசையை ஊகித்தால்தான் பிழைப்பீர்கள். அதற்கும் மேலே போனால் பஞ்சே உறுதியாக விழும். முழு அட்டவணையை மனப்பாடம் செய்யாதீர்கள். ஐந்து அடி போதும். அந்த ஐந்துக்கும் எண் தெரிந்துவிட்டால் ஆட்டத்தின் வேகமே கண்ணுக்குக் குறைந்து தெரியும்.

விலகலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மேலேயோ கீழேயோ ஒரு தட்டு தட்டினால் கேரக்டர் பக்கவாட்டில் நகரும். பார்க்க அழகாக இருக்கும், உடனே அதற்கு அடிமையாவீர்கள். ஆனால் எதிராளி அடிக்காத நேரத்தில் விலகினால் அது தோல்வி விலகல், நீண்ட நேரம் திறந்தபடி கிடப்பீர்கள். உங்கள் அடி தடுக்கப்பட்ட உடனே, அவர் அடிக்கத்தான் போகிறார் என்று நம்பும் நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சும்மா நிற்கும்போது விலகுகிறவர் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் அனுபவசாலி அதையே வைத்து உங்களைப் பந்தாடுவார்.

மேடையின் விளிம்பும் ஒரு ஆயுதம்தான். சில மேடைகளில் சுவர், சிலவற்றில் இடுப்பளவு வேலி, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. வெளியே விழுந்தால் உயிர்க்கோடு முழுதாக இருந்தாலும் ரவுண்டு போச்சு. ஒரு ரவுண்டு இயல்பாக 45 நொடிதான், மூன்று ரவுண்டு ஜெயித்தால் ஆட்டம் உங்களுடையது. அவ்வளவு சீக்கிரம் முடிவதால் “இன்னொண்ணு, இன்னொண்ணு” என்று ராத்திரி போவதே தெரியாது.

வரலாற்றையும் இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. 1993-இல் யூ சுசுகியின் தலைமையில் சேகாவின் ஏஎம்2 குழு ஆர்கேடில் (காசு போட்டு கேம் ஆடும் கடைகளில்) கொண்டுவந்த முதல் விர்ச்சுவா ஃபைட்டர்தான் முப்பரிமாணச் சண்டை கேம்களுக்கெல்லாம் மூத்தது. அதன் வடிவமைப்பில் இருந்த செயிச்சி இஷியிதான் பிறகு நாம்கோ நிறுவனத்துக்குப் போய் 1994-இல் டெக்கனை இயக்கினார். அதே 1994-இல் வந்த விர்ச்சுவா ஃபைட்டர் 2 ஜப்பானிய ஆர்கேடுகளில் பெரிய அலையைக் கிளப்பியது. சிறந்த ஆட்டக்காரர்களை இரும்பு மனிதர்கள் என்று அழைத்தார்கள். தாங்கள் ஆடும் வட்டாரத்தையும் கேரக்டரையும் சேர்த்தே பட்டப்பெயர்: ஷிஞ்ஜுகு ஜாக்கி, இகெபுகுரோ சாரா. கோவில் திருவிழாவுக்கு ஊர்ப்பெயரோடு வரும் மல்லர்கள் மாதிரி. 1999-இல் வந்த யூ சுசுகியின் சாகச கேம் ஷென்மூ கூட விர்ச்சுவா ஃபைட்டர் உலகை வைத்து ஆரம்பித்த திட்டம்தான். இவ்வளவு பெரிய குடும்பத்தின் மூத்தவரை இன்று வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார வைத்துவிட்டோம்.

குறைகளை மறைத்து ஆள் பிடிக்க விருப்பமில்லை. கதை மோட் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. தனியாக ஆடுகிறவருக்குக் கொடுக்க இந்த ஆட்டத்திடம் கொஞ்சம்தான் இருக்கிறது. டெக்கனில் ஒரு வாரம் கதையே ஓட்டலாம், இங்கே ஒரு மாலையில் ஆர்கேட் மோட் அலுத்துவிடும். அடிப்படையும் பழையது: விர்ச்சுவா ஃபைட்டர் 5 ஆர்கேடுக்கு வந்தது 2006-இல், இப்போது ஆடுவதன் எலும்புக்கூடு 2010-இல் ஆர்கேடுக்கும் 2012-இல் வீட்டு கன்சோல்களுக்கும் வந்த ஃபைனல் ஷோடவுன். அதன் பிறகு 2021 வரை நீண்ட மௌனம். அந்த இடைவெளியில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வளர்ந்துவிட்டார்கள்.

2021 பதிப்பின் ஆன்லைன் தாமதம் கூட்டும் முறையில் இயங்கியது. இணைப்பு தடுமாறினால் இரண்டு பேர் அழுத்துவதும் சேர்ந்தே தாமதமாகும். 10 ஃப்ரேம், 12 ஃப்ரேம் என்று கணக்குப் பார்க்கும் ஆட்டத்தில் அது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று சொல்லவேண்டாம். 2025 ஜனவரியில் கணினிக்காக ஸ்டீமில் வந்த ரெவோ பதிப்பில் ரோல்பேக் வந்துவிட்டது. எதிராளி என்ன அழுத்துவார் என்று கேமே ஊகித்துத் தொடர்ந்து ஓடும், ஊகம் தப்பினால் சில ஃப்ரேம் பின்னால் போய்த் திருத்திக்கொள்ளும். உங்கள் கை அழுத்தியது உடனே நடக்கும். இதனால் தூரத்து ஆட்களோடும் உருப்படியாக ஆட முடிகிறது. ஒருகாலத்தில் ஆட்டத்தை மூடிவைக்கக் காரணம் சொன்ன நண்பர்கள் இப்போது வேறு காரணம் தேடுகிறார்கள்.

ஆள் கிடைக்காது என்ற புகாருக்கு என் அனுபவத்திலிருந்து ஒரே ஒரு வழி: தரவரிசை ஆட்டத்துக்கு ஆள் வரும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரை, உங்கள் அளவுக்கே தெரிந்தவரை, இழுத்துக்கொண்டு வாருங்கள். தனி அறை திறந்து, முதலில் பத்து ஆட்டம் ஜெயிப்பவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அந்நியரோடு ஒரே ஆட்டம் ஆடி முடிப்பதற்குள் அவரைப் படிக்க நேரம் போதாது. பத்தாவது ஆட்டத்தில்தான் இவர் அடி வாங்கியதும் குனிவார், விளிம்புக்கு வந்தால் விலகுவார் என்று பிடிபடும். அவருக்கும் உங்களைப் பற்றி அதே பிடிபட்டிருக்கும். கேமின் ருசி முழுவதும் அதற்குப் பிறகுதான்.

முடிந்தால் வைஃபையை விட்டுக் கேபிளில் இணையுங்கள். ஆட்டங்களைக் கன்சோலிலேயே பதிவு செய்து, தோற்ற ரவுண்டை மட்டும் பாருங்கள், அதிலும் கடைசிப் பத்து நொடியை. என்ன அடி வாங்கினீர்கள் என்று பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய தடவை அதே இடத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அதையேதான் மறுபடி செய்திருப்பீர்கள், அவர் காத்திருந்து பிடித்திருப்பார்.

யூ சுசுகி இல்லாமல், சேகாவின் ர்யூ கா கோதொக்கு ஸ்டுடியோவின் கையில் ஒரு புதிய விர்ச்சுவா ஃபைட்டர் உருவாகிவருகிறது. 2024 டிசம்பரில் அதன் முன்னோட்டத்தைக் காட்டினார்கள். அது வரும் நாளில் ஆன்லைனில் ஆட்கள் கூடும் லாபி நிரம்பும், அப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் தடுப்புப் பட்டனைத் தேடிக்கொண்டிருப்பார்கள். “சூப்பர் மூவ் எங்கண்ணே” என்ற தம்பி இப்போது ஜூடோக்காரர் கோ ஹினொகாமியை எடுத்து ஆடுகிறான். என் தடுப்பைப் பார்த்தாலே த்ரோ போடுகிறான், அதற்குக் குனிந்தால் முழங்காலால் தூக்குகிறான். நேற்றும் பத்துக்கு ஏழு என்று முடிந்தது. ஏழு என்னுடையது.